சிக்னேச்சர் மாறவில்லை, நடத்தை மாறியது: ஜிலிப்சி மெம்காப்பி நிகழ்வு ஆய்வு

2010 செப்டம்பர் கடைசியில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் பிழைப் புகார்த் தளமான பக்ஸில்லாவில் 638477 என்ற எண்ணில் ஒரு புகார் பதிவானது. அப்போது வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (நிறுவிக்கொள்ளத் தயாரான லினக்ஸ் தொகுப்பில்), ஃபிளாஷ் வழியாக எம்பி3 ஒலிக்கும் தளங்களில் சத்தம் விநோதமாகக் கேட்கிறது என்பதுதான் புகார். பாட்டு ஓடுகிறது, ஆனால் கரகரவென்று உடைந்து வருகிறது. ஃபிளாஷ் பிளகின் அடோபி நிறுவனம் கொடுத்த 64-பிட் மூடிய பைனரி, அதாவது மூல நிரலை வெளியிடாமல் கம்பைல் செய்து கொடுத்த கோப்பு. அதில் ஒரு பைட்கூட மாறவில்லை. பழைய ஜிலிப்சியோடு ஓட்டினால் அதே பைனரி ஒழுங்காகப் பாடியது. மாறியிருந்தது லினக்ஸ் கணினிகளின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி மட்டுமே. அதிலும் குறிப்பாக மெம்காப்பி என்ற ஒரே ஒரு ஃபங்ஷன்.

லைப்ரரி இடைமுகங்களில் நடத்தை மாற்றத்தைக் கண்டறிவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்வது இந்த நிகழ்வைத்தான். ஃபங்ஷனின் பெயர் மாறவில்லை. பாராமீட்டர்கள் மாறவில்லை, அதாவது சிக்னேச்சர் அப்படியே இருந்தது. ஆவணத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சி மொழியின் தரநிலைப்படி புதிய நடத்தையில் குற்றமும் இல்லை. இருந்தும் பயனரின் மேசையில் ஒரு பொருள் உடைந்தது. நடத்தை முறிவு என்பதன் எல்லாக் கஷ்டங்களும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன.

என்ன மாறியது

மெம்காப்பி செய்வது எளிய வேலை. எங்கே எழுதுவது, எங்கிருந்து எடுப்பது, எத்தனை பைட் என்று மூன்று விவரங்களை வாங்கிக்கொண்டு நகல் எடுக்கும். எடுக்கும் இடமும் எழுதும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1989-இலேயே சி தரநிலை பதில் சொல்லிவிட்டது: நடத்தை வரையறுக்கப்படவில்லை. அப்படிப் படியும் சூழலுக்கென்றே மெம்மூவ் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. 1999 தரநிலை இன்னும் ஒரு படி போய், இரண்டு பகுதிகளும் படியாது என்று உறுதி கூறும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லை மெம்காப்பியின் அறிவிப்பிலேயே சேர்த்தது. ஒப்பந்தம் தெளிவாகத்தான் இருந்தது.

ஆனால் எக்ஸ்86 கணினிகளில் புழங்கிய மெம்காப்பிகள் நெடுங்காலம் முன்னிருந்து பின்னாகவே நகலெடுத்தன. அதனால் பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) நடுவில் மிஞ்சிய தரவைப் பஃபரின் தொடக்கத்துக்கு நகர்த்த மெம்காப்பியை அழைத்தவர்களுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. இரண்டு பகுதிகளும் படிந்திருந்தாலும் விடை சரியாக வந்தது. அது அதிர்ஷ்டத்தில் வந்த சரி என்பதை உணர யாருக்கும் வாய்ப்பே அமையவில்லை.

2010-இல் இன்டெல் பொறியாளர்களின் பங்களிப்பாக எஸ்எஸ்எஸ்இ3 என்ற சிப் கட்டளைகளைப் பயன்படுத்தும் புதிய மெம்காப்பி ஜிலிப்சிக்குள் வந்தது. அதன் ஒரு வகை பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும். அப்போதைய கோர் ஐ வரிசைச் சிப்களில் அது வேகம் என்று கருதப்பட்டது. எந்த வகையைப் பயன்படுத்துவது என்பதை, நிரல் தொடங்கும்போது சிப்பைப் பார்த்து ஜிலிப்சியே முடிவு செய்யும். கண்டறிதலை மிகவும் கடினமாக்கியது இந்த ஏற்பாடுதான். ஒரே பைனரியும் ஒரே லைப்ரரியும் ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும், பக்கத்துக் கணினியில் உடையும்.

திசை மாறினால் என்ன கெடுகிறது என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால் உடனே விளங்கும். எட்டு இடங்கள் கொண்ட ஒரு பஃபரில் 1 2 3 4 5 6 7 8 என்று இருக்கிறது. மூன்றாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை உள்ள ஆறு மதிப்புகளை முதல் ஆறு இடங்களுக்கு நகர்த்த வேண்டும். முன்னிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தினால் முதல் ஆறு இடங்களில் 3 4 5 6 7 8 வரும். சரி. இப்போது பின்னிருந்து தொடங்குங்கள். எட்டாம் இடத்து 8 ஆறாம் இடத்துக்குப் போகிறது. ஏழாம் இடத்து 7 ஐந்தாம் இடத்துக்குப் போகிறது. நான்காம் இடத்துக்கு ஆறாம் இடத்திலிருந்து 6 வர வேண்டும், ஆனால் அங்கே ஏற்கெனவே 8 உட்கார்ந்திருக்கிறது. இப்படியே போனால் முதல் ஆறு இடங்களில் மிஞ்சுவது 7 8 7 8 7 8. உண்மையான ஃபங்ஷன் பல பைட்களைச் சேர்த்துத்தான் நகர்த்தும், சேதத்தின் வடிவம் வேறாக இருக்கும், காரணம் இதுவே. நிரல் நின்றுபோகவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. எம்பி3 தரவில் குப்பை கலந்தது. அது காதில் கரகரத்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்

புகாரில் சேர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஃபிளாஷை வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவியில் ஓட்டினார். வால்கிரிண்ட் மெம்காப்பி அழைப்புகளை இடைமறித்து, இரண்டு பகுதிகளும் படிகின்றனவா என்று பார்த்துச் சொல்லக்கூடியது. படிகின்றன என்று சொல்லிவிட்டது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் புகாருக்குள் வந்து, முன்னிருந்து நகலெடுக்கும் சாதாரண மெம்காப்பி ஒன்றை எழுதி, எல்டி ப்ரீலோட் (லைப்ரரியின் ஃபங்ஷனுக்குப் பதில் நம்முடையதை ஏற்றும் வசதி) வழியாக அதை ஃபிளாஷுக்கு முன்னால் ஏற்றிப் பார்த்தார். சத்தம் சரியானது. காரணம் உறுதி.

அதன்பின் நடந்த வாக்குவாதம் புகழ்பெற்றது. இது பக் இல்லை என்று சொல்லிப் புகார் மூடப்பட்டது. தப்பு ஃபிளாஷினுடையது, அடோபி திருத்தட்டும் என்பது ஜிலிப்சி தரப்பு. டோர்வால்ட்ஸின் தரப்பு வேறு: யார் தப்பு என்பது பயனருக்கு விஷயமே இல்லை, நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் விஷயம். கெர்னலில் அவர் கடைப்பிடிக்கும் விதியும் அதுவே. பின்னோக்கி நகலெடுப்பதால் கிடைக்கும் வேகம், இந்த உடைப்பை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரியதா என்றும் அவர் கேட்டார்.

என் கருத்தில் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை ஜிலிப்சி தரப்பு சொன்னது சரி. ஆனால் ஒப்பந்தம் சரியா என்ற கேள்வியும், இந்த மாற்றம் யாரை உடைக்கும் என்ற கேள்வியும் வேறு வேறு. முதல் கேள்விக்கு ஆவணத்தைப் படித்தால் பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு லைப்ரரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது, அதை அழைப்பவர்களைப் பார்த்தால்தான் கிடைக்கும். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் பெயரால் வழங்கும் விதி சொல்வதும் ஏறத்தாழ இதுதான். பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் உறுதி கொடுத்தீர்களோ இல்லையோ, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார்.

பாதிப்பு ஃபிளாஷோடு நிற்கவும் இல்லை. சுருக்கிய கோப்பமைப்புகளை உருவாக்கும் திறந்த மூல நிரலான ஸ்குவாஷ்எஃப்எஸ் கருவிகளிலும் இதே வகைத் தவறு இருந்தது வெளிப்பட்டது. மூல நிரல் கண்ணெதிரே இருந்தும் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

எந்தக் கருவி பிடித்திருக்கும்?

இன்று கையில் உள்ள கண்டறியும் முறைகளை ஒவ்வொன்றாக இந்த நிகழ்வின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் வடிவத்தை, அதாவது ஃபங்ஷன்களின் பெயர், பாராமீட்டர், டைப் ஆகியவற்றை ஒப்பிடும் கருவிகள். சி, சி++ பைனரிகளுக்கு லிப்அபிகெயில் தொகுப்பின் அபிடிஃப் இருக்கிறது. ஜாவாவுக்கு ஜாப்பிசிஎம்பி, ரெவாபி இருக்கின்றன. ரஸ்டுக்குக் கார்கோ செம்வெர் செக்ஸ். எல்ம் மொழியின் தொகுப்பு மேலாளரோ டைப்களை ஒப்பிட்டு வெர்ஷன் எண்ணைத் தானே தீர்மானிக்கிறது. இவை எல்லாம் தேவையானவை. ஜாவா லைப்ரரிகளைச் சேமிக்கும் மேவன் களஞ்சியத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு ரிலீஸில் குறைந்தது ஒரு முறிக்கும் மாற்றமாவது இருப்பதாகக் கண்டது. அதுவும் வடிவ அளவில் தெரியும் முறிவுகளை மட்டும் எண்ணியது. நம் நிகழ்வில் இந்தக் கருவிகள் எதை ஓட்டியிருந்தாலும் விடை ஒன்றுதான்: மாற்றம் ஏதுமில்லை.

அடுத்து லைப்ரரியின் சொந்த டெஸ்ட்கள். அவை ஒப்பந்தத்தைச் சோதிக்க எழுதப்பட்டவை. புதிய மெம்காப்பி ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆகவே எல்லாம் பச்சை.

சரி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டால்? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நடத்தை மாற்றத்தைப் பிடிக்க இதுதான் மிகச் சிறந்த வழி என்று பலரும் நம்புகிறார்கள், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் உள்ளீடுகளை உருவாக்குவது யார்? லைப்ரரியை நன்கு அறிந்தவர். படியும் பகுதிகளைக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சீரற்ற உள்ளீடு உருவாக்கும் நிரலை எழுதும்போதே இரண்டு பஃபர்களையும் தனித்தனியாக ஒதுக்கியிருப்பார். கோடிக்கணக்கான உள்ளீடுகளை ஓட்டினாலும் வேறுபாடு ஒன்றுகூட வராது. ஒப்பந்தத்தை மதித்து எழுதிய ஒப்பீட்டுச் சோதனை, ஒப்பந்தத்துக்கு வெளியே நிகழும் முறிவை ஒருபோதும் பார்க்காது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் தடை செய்யப்பட்ட உள்ளீடுகளையும் வேண்டுமென்றே கொடுத்து, பழைய வெர்ஷன் அங்கே தொடர்ந்து ஒரே மாதிரி நடந்துகொண்டதா என்று கேட்க வேண்டும். நடந்துகொண்டது என்றால் அதை யாரோ நம்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பழைய மெம்காப்பி கீழ்நோக்கி, அதாவது பஃபரின் தொடக்கத்தை நோக்கி நகர்த்தும்போது ஒவ்வொரு முறையும் சரியான விடையைத் தந்தது. அந்த ஒழுங்கே எச்சரிக்கை மணி.

அப்புறம், அழைப்பவர்களின் டெஸ்ட்களை ஓட்டுவது. ரஸ்ட் அணி கம்பைலரின் புதிய வெர்ஷனுக்கு முன் கிரேட்டர் என்ற கருவியால் பொதுவெளியில் உள்ள தொகுப்புகளைத் திரட்டிக் கம்பைல் செய்து டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஒரு லைப்ரரியின் புதிய வெர்ஷன் அடுத்த கட்டத்துக்கு நகரும் முன், அதைச் சார்ந்த தொகுப்புகளின் ஆட்டோபிகேஜிடெஸ்ட் எனும் தானியங்கி டெஸ்ட்கள் ஓடுகின்றன, அவற்றில் புதிதாக ஏதாவது உடைந்தால் நகர்வு தடைபடும். என்னைக் கேட்டால், நடத்தை மாற்றத்தைக் கண்டறிய உழைப்பையும் பணத்தையும் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். ஸ்குவாஷ்எஃப்எஸ் போன்றவற்றை இந்த முறையால் பிடித்திருக்கலாம். இரண்டு நிபந்தனைகள் மட்டும். டெஸ்ட் ஓட்டும் கணினியில் பின்னோக்கி நகலெடுக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கும் சிப் இருக்க வேண்டும். பழைய சிப் உள்ள சர்வரில் ஓட்டியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. அடுத்தது, டெஸ்ட் விடையின் சரித்தன்மையைப் பார்க்க வேண்டும். நிரல் நொறுங்காமல் முடிந்ததா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட், கரகரக்கும் பாட்டையும் தேர்ச்சி என்றே எழுதும்.

ஃபிளாஷ் போன்ற மூடிய பைனரிக்கு இதுவும் போதாது. அங்கே கைகொடுப்பது டோர்வால்ட்ஸ் பயன்படுத்திய அதே இடைமறிப்பு உத்தி. அவர் முறிவுக்குப் பிறகு காரணத்தை உறுதிசெய்ய அதைப் பயன்படுத்தினார், ரிலீஸுக்கு முன்னாலேயே பயன்படுத்தவும் தடையில்லை. மெம்காப்பிக்கு முன்னால் ஒரு மெல்லிய அடுக்கு வைக்கிறோம். அழைப்பு வந்தவுடன் இரண்டு பகுதிகளும் படிகின்றனவா என்று பார்க்கிறது. படிந்தால் அழைத்தவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, வேலையை மெம்மூவிடம் கொடுக்கிறது. எதுவும் உடையாது, ஆனால் யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்பது பட்டியலாகக் கிடைக்கும். மேம்பாட்டுப் பதிப்பைப் பயன்படுத்தும் தன்னார்வலர்களின் கணினிகளில் சில வாரங்கள் இப்படி ஓட்டியிருந்தால், ஃபிளாஷின் பெயர் அந்தப் பட்டியலில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மூல நிரல் தேவையில்லை, அடோபியின் அனுமதியும் தேவையில்லை.

இந்த யோசனையை முறைப்படி அமைத்துக் காட்டியது கோ மொழி. 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21 முதல், முறிக்கக்கூடிய நடத்தை மாற்றங்களுக்குக் கோடீபக் என்ற அமைப்பில் தனித்தனிச் சுவிட்சுகள் வருகின்றன. பழைய நடத்தையா புதியதா என்பதன் இயல்புநிலை, திட்டத்தின் கோ மாட் கோப்பில் எழுதியிருக்கும் கோ வெர்ஷனைப் பொறுத்தது. கண்டறிதல் நோக்கில் இதில் எனக்கு மிகவும் பிடித்தது கூடவே வரும் எண்ணிகள். ஒரு நிரல் உண்மையிலேயே பழைய நடத்தையைச் சார்ந்து இயங்கிய ஒவ்வொரு முறையும் அந்தச் சுவிட்சின் எண்ணி கூடும். சுவிட்சை மாற்றினால் ஏதாவது உடையுமா என்ற கேள்விக்கு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலே பதில் தருகிறது.

தீர்வும் அதன் விலையும்

ஜிலிப்சி கடைசியில் எடுத்த முடிவு நுட்பமானது. ஜிலிப்சிக்கான சோர்ஸ்வேர் பக் பட்டியலில் 12518 என்ற எண்ணில் இதே பிரச்சினை பதிவாகி, 2011 ஜூனில் வந்த 2.14 வெர்ஷனில் தீர்ந்தது. ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரோடும் ஒரு வெர்ஷன் முத்திரை ஒட்டியிருக்கும். 64-பிட் எக்ஸ்86-இல் மெம்காப்பிக்கு அதுவரை இருந்த முத்திரை 2.2.5. புதிதாக 2.14 என்ற முத்திரையோடு இன்னொரு மெம்காப்பியை உருவாக்கினார்கள். ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட பைனரிகள் 2.2.5-ஐத்தான் கேட்கும், அவற்றுக்கு மெம்மூவின் பாதுகாப்பான நடத்தை கிடைக்கும். இனி கம்பைல் செய்பவர்களுக்கு 2.14, அதாவது வேகமான, கண்டிப்பான மெம்காப்பி. ஃபிளாஷை யாரும் தொடாமலே பிரச்சினை தீர வழி கிடைத்தது.

இந்தத் தீர்வும் இலவசம் இல்லை. புதிய டிஸ்ட்ரோவில் கம்பைல் செய்த பைனரியைப் பழைய டிஸ்ட்ரோவுக்குக் கொண்டுபோனால், ஜிலிப்சி 2.14 இல்லை என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். பல நேரங்களில் அந்த நிரல் 2.14-இலிருந்து கேட்ட ஒரே ஃபங்ஷன் மெம்காப்பியாக இருந்தது. பைனரி விநியோகிக்கும் பலர் இதில் மாட்டி, அசெம்ப்ளர் கட்டளையால் பழைய முத்திரையைக் கட்டாயமாகக் கேட்கும் தந்திரத்தைக் கையாண்டார்கள், அல்லது வேண்டுமென்றே பழைய டிஸ்ட்ரோவில் கம்பைல் செய்தார்கள். அதாவது, சத்தமில்லாத நடத்தை முறிவு சத்தமான வடிவ முறிவாக மாறியது. அது நல்ல பேரம் என்றே நான் சொல்வேன். தொடங்க மறுக்கும் நிரலை அந்த நிமிடமே கவனிக்கிறோம். தரவைக் கெடுத்துக்கொண்டே ஓடும் நிரலைக் கவனிக்கும்போது எவ்வளவு கெட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கண்டறியும் தேவையையே குறைக்கும் இன்னொரு வழி, உறுதி கொடுக்காத நடத்தையை யாரும் நம்ப முடியாதபடி முதலிலிருந்தே கலைத்து வைப்பது. கோ மொழியில் மேப்பை (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பை) சுற்றிவரும் வரிசை 2012-இல் வந்த கோ 1 முதலே வேண்டுமென்று மாறிக்கொண்டே இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா 7 சாட்சி. ஒரு வகுப்பின் மெத்தட்களை ரிஃப்ளெக்ஷன் (நிரல் தன்னையே ஆராயும் வசதி) எந்த வரிசையில் தரும் என்று ஜாவா உறுதி சொன்னதே இல்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் மூல நிரலில் எழுதிய வரிசையே வந்தது. ஜாவா 7-இல் அந்த வரிசை குலைந்தவுடன், முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற நிலையை நம்பியிருந்த, ஜேயூனிட் என்ற ஜாவா சோதனைக் கருவியில் எழுதிய டெஸ்ட்கள் காரணம் தெரியாமல் விழத் தொடங்கின. ஜேயூனிட் 4.11 தன் பங்குக்கு ஒரு நிலையான வரிசையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மெம்காப்பியிலேயே ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் இன்னும் கறாரான பாதையை எடுத்தது. அங்கே படியும் பகுதிகளோடு மெம்காப்பியை அழைத்தால், பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நிரலையே நிறுத்திவிடும். தப்பு யாருடையது என்ற விவாதத்துக்கே அங்கே இடமில்லை.

ஜிலிப்சி பின்னாளில் எதிர்ப்பக்கம் போனது. இன்றைய எக்ஸ்86 சிப்களில் பொதுவாகத் தேர்வாகும் மெம்காப்பியும் மெம்மூவும் உள்ளே ஒரே நிரல் துண்டைப் பகிர்கின்றன, படிந்தாலும் விடை சரியாகவே வரும். பயனருக்கு இது நல்லது. லைப்ரரி எழுதுபவருக்கு மட்டும் 2010-க்கு முந்தைய நிலை திரும்பிவிட்டது. தவறான அழைப்பு எத்தனை வருடம் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் ஓடும், வேறு சி லைப்ரரிக்கோ வேறு சிப்புக்கோ போகும் நாளில் திடீரென்று உடையும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து டெஸ்ட் ஓட்டினால், லினக்ஸில் தனியாக எந்த விருப்பத்தையும் இயக்காமலே, மெம்காப்பியின் பகுதிகள் படியும் இடத்தை வரி எண்ணோடு காட்டி நிறுத்திவிடும். மூல நிரல் இல்லாத பைனரிக்கு வால்கிரிண்ட் இருக்கிறது. சி அல்லது சி++ லைப்ரரி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றையாவது ரிலீஸுக்கு முந்தைய ஓட்டத்தில் சேர்த்துவிடுங்கள், தங்கள் டெஸ்ட்களுக்கு மட்டுமல்ல, தங்களைச் சார்ந்திருக்கும் முக்கியமான நான்கைந்து திட்டங்களின் டெஸ்ட்களுக்கும்.